வேலைக்கான படிப்புச் செலவு: வரியில் கழிப்பதா, வேறு கதவைத் தட்டுவதா?

பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் ஏப்ரல் மாதம் வரி அறிவிப்புத் தளம் திறந்ததும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி சுற்றி வரத் தொடங்கிவிடும்: "வேலைக்காக ஒரு படிப்பு படித்தேன், கைக்காசு கட்டினேன். வரியில் எவ்வளவு திரும்பும்?" அமெரிக்காவில் உறவினர் இருக்கும் வீடுகளில் எதிர்பார்ப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அங்கே வேலைத்திறனை வளர்க்கும் படிப்புக்கு, கட்டிய தொகையில் 20 சதவீதத்தை, ஆண்டுக்கு 2,000 டாலர் வரை, நேரே வரியிலிருந்து குறைத்துக்கொள்ளும் சலுகை உண்டு. பிரான்சில் சம்பளக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கே படிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம். வரியிலிருந்து கழிக்க முடியாது. ஆயிரம் யூரோ கழித்தால் ஆயிரம் யூரோ திரும்பும் என்று நினைத்துக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவில் மாதச் சம்பளம் வாங்கும் பெரும்பாலோருக்கு வரிக் கழிப்பு என்பது கடைசியாகத் தட்ட வேண்டிய கதவு. அதற்கு முன்னால் வேறு கதவுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பது நம் உழைப்புக்காக ஏற்கெனவே ஒதுக்கிவைக்கப்பட்ட பணம்.

முதலில் அந்தக் கடைசிக் கதவைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதான்.

சம்பளத்தை அறிவித்தவுடன் வரித்துறை தானாகவே 10 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. போக்குவரத்து, சாப்பாடு, படிப்பு என்று வேலைக்காக ஆகும் செலவு அத்தனைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கழிப்பு. இது போதாது என்று நினைப்பவர் 'ஃப்ரே ரேயெல்' எனப்படும் உண்மைச் செலவுக் கணக்கைத் தேர்ந்தெடுக்கலாம். படிவத்தில் உங்கள் செலவுக்கு 1ஏகே கட்டம், துணைவருடையதற்கு 1பிகே கட்டம். செலவின் மொத்தத் தொகையை அங்கே எழுத வேண்டும். சம்பளத் தொகையில் நீங்களாகக் கை வைக்கக் கூடாது. கணவன் 10 சதவீதத்திலேயே இருக்க, மனைவி உண்மைச் செலவைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் தேர்வு மற்றவரைக் கட்டுப்படுத்தாது. இந்த வேலையில் முன்னேறவோ வேறு வேலைக்கு மாறவோ நீங்களே கட்டிய படிப்புக் கட்டணம் இந்தக் கணக்கில் சேரும். பொழுதுபோக்குக்காகக் கற்றது சேராது. இன்னும் வேலைக்கே போகாத மாணவரின் கல்லூரிக் கட்டணமும் சேராது. பெற்றோர் அறிவிப்பில் குறிக்கும் பள்ளிப்பிள்ளைச் சலுகை (கொலேழ் எனும் நடுநிலைப் பள்ளிக்கு 61 யூரோ, லிசே எனும் மேல்நிலைப் பள்ளிக்கு 153, மேற்படிப்புக்கு 183) வேறு விஷயம். பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உண்மைச் செலவைத் தேர்ந்தெடுத்த நொடியில் அந்த 10 சதவீதம் போய்விடுகிறது. ஆகவே உங்கள் லாபம் செலவின் மொத்தத் தொகை அன்று. 10 சதவீதத்துக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அது மட்டுமே. அந்த மீதிக்கும் முழுப் பணம் வராது. உங்கள் வரி விகிதம் என்னவோ அந்த அளவுதான் வரும்.

ரீயூனியனில் இது இன்னும் சுருங்குகிறது. கடல்கடந்த மாவட்டம் என்பதால் நமக்கு வருமான வரியில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 2,450 யூரோ. நல்ல சலுகைதான். ஆனால் வரியே குறைவாக இருக்கும் இடத்தில் கழிப்பின் மதிப்பும் குறையும். 11 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு அந்தத் தள்ளுபடி போகக் கழிப்பின் மதிப்பு 7.7 சதவீதம், 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு 21 சதவீதம். சிறு வரிக்காரர்களுக்கு 'தெகோத்' என்னும் கூடுதல் தள்ளுபடியும் இருப்பதால், அவர்களுக்கு அந்த 7.7 கொஞ்சம் உயர்ந்து 11 சதவீதத்தைத் தொடும். அதே தெகோத் காரணமாக, பிள்ளைகள் இல்லாத தனியாள் 2024 வருமானமாக ஏறத்தாழ 21,600 யூரோவுக்குக் கீழே அறிவித்திருந்தால் வரி கட்டவே வேண்டியதில்லை. குறைந்தபட்ச ஊதியமான ஸ்மிக் வாங்கும் தனியாள் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே நிற்கிறார். கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 2025-இல் அறிவித்த 2024 வருமானத்துக்கான விகிதங்களையே கட்டுரை முழுக்க எடுத்துக்கொள்கிறேன். தலைநகர் சேன்-தெனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிப் பராமரிப்பாளராக வேலை பார்க்கும் ஒரு பெண், தனியாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 24,000 யூரோ அறிவிக்கிறார். வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தே போய்விடுவார். முதியோர் பராமரிப்புக்கான 140 மணி நேரப் பயிற்சிக்குச் சேன்-பியேர் போகிறார். கட்டணம் 1,900 யூரோ. 20 நாள், போக வர 170 கிலோமீட்டர், மொத்தம் 3,400 கிலோமீட்டர். வரிக் கணக்கில் நான்கு குதிரைத்திறன் என்று பதிவான காருக்குக் கிலோமீட்டருக்கு 0.606 யூரோ என்ற வரித்துறை அட்டவணைப்படி 2,060 யூரோ. ஆக மொத்தச் செலவு 3,960.

10 சதவீதக் கழிப்போடு அவர் கட்டும் வரி 241 யூரோ. உண்மைச் செலவை எழுதினால் 66 யூரோ. வித்தியாசம் சுமார் 175. கட்டணமும் பயணமுமாக ஏறத்தாழ நாலாயிரம் யூரோ போட்டவர் கையில் திரும்பி வருவது இவ்வளவுதான். "1,900 கட்டினேன், 1,900 கழிந்துவிடும்" என்று நினைத்திருந்தால் அந்த மே மாதம் எப்படி இருந்திருக்கும்!

அதே பெண் தன் படிப்புக் கணக்கை, 'சே.பே.எஃப்.' என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்திருந்தால்? தனியார் துறையில் பாதி நேரமாவது வேலை பார்க்கும் ஒவ்வொருவர் கணக்கிலும் ஆண்டுதோறும் 500 யூரோ சேர்கிறது, 5,000 வரை. கேப் போன்ற அடிப்படைத் தொழில் சான்றிதழ்கூட இல்லாதவருக்கு ஆண்டுக்கு 800, உச்சவரம்பு 8,000. நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தாலே இந்தப் பயிற்சிக் கட்டணத்துக்கு மேல் பணம் சேர்ந்திருக்கும். 2024 மே 2 முதல் படிப்பவர் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. தொடக்கத்தில் 100 யூரோ, பிறகு அது ஏறியிருக்கிறது. வேலை தேடுவோருக்கு அந்தப் பங்கும் இல்லை. முதலாளி கூடுதலாகப் பணம் சேர்த்தாலும் இல்லை. அவர் கையிலிருந்து போவது அந்த நூற்றுச் சொச்சமும் பெட்ரோல் செலவும்தான். இப்போது அவருடைய உண்மைச் செலவு 2,400-க்குக் கீழே வந்துவிடுவதால் 10 சதவீதத்திலேயே இருந்துகொள்வது லாபம். ஒரு பக்கம் 175 யூரோ, மறுபக்கம் ஏறத்தாழ 1,800 யூரோ. இதில் தயங்க என்ன இருக்கிறது?

ஆனாலும் தயங்குகிறார்கள். நம்மவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்த குடும்பங்களில் படிப்பு என்றால் நகையை அடகு வைத்தாவது கட்டுவார்கள். அரசாங்கத்திடமோ முதலாளியிடமோ கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார்கள். அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். அதில்தான் எத்தனையோ பிள்ளைகள் ஆளானார்கள். ஆனால் சே.பே.எஃப். பணத்துக்கு ஒவ்வொரு மாதமும் நிறுவனங்கள் பங்கு செலுத்துகின்றன. உங்கள் வேலைதான் அதற்கு ஆதாரம். அதைக் கேட்காமல் விடுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

அங்கேயும் கவனம் வேண்டும். பட்டியலில் உள்ள, அரசு அங்கீகரித்த சான்றிதழுக்கான படிப்புகளுக்கு மட்டுமே பணம் கிடைக்கும். தெரிந்த ஒரு மாஸ்டரிடம் தனியாகத் தையலோ சமையலோ கற்றால் கிடைக்காது. "உங்கள் கணக்கில் பணம் காலாவதியாகப் போகிறது" என்று தொலைபேசியில் பேசுபவரை நம்பாதீர்கள். பணம் காலாவதி ஆவதில்லை. அப்படி அழைப்பதையும் குறுஞ்செய்தி அனுப்புவதையும் 2022 டிசம்பர் 19-ஆம் தேதிச் சட்டம் தடை செய்துவிட்டது. சமூகப் பாதுகாப்பு எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். பெரியவர்களுக்கு இதைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லிவைக்க வேண்டும்.

நகராட்சியிலோ அரசு மருத்துவமனையிலோ கல்வித்துறையிலோ வேலை பார்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தீவில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் கணக்கில் யூரோ சேராது, மணி நேரம் சேரும்: ஆண்டுக்கு 25 மணி, 150 வரை. சே.பே.எஃப். இணையத்தளத்தில் தாங்களே பயிற்சியைப் பதிவு செய்ய முடியாது. நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். அங்கே கட்டணம் முழுதும் கிடைக்குமா என்பது அந்த நிர்வாகத்தின் வரம்பைப் பொறுத்தது. ஆகவே இவர்களுக்கு உண்மைச் செலவுக் கணக்கு சில சமயம் கூடுதலாகப் பயன்படும்.

மூன்றாவது கதவு முதலாளி. இப்போது பார்க்கும் வேலைக்கே தேவையான பயிற்சி என்றால் இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துவிட்டால் கட்டணம் அவர்களுடையது, பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் தொடரும், உங்கள் சே.பே.எஃப். பணமும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கட்டணத்தை அவர்கள் துறைக்கான ஒப்கோ எனப்படும் பயிற்சி நிதி அமைப்பே பெரும்பாலும் ஏற்கும். பல சிறு முதலாளிகளுக்கு இது தெரிவதில்லை. நீங்கள் போய்ச் சொன்னால் அவர்களே மகிழ்வார்கள். ஆண்டு நேர்காணலின்போது பயிற்சியின் பெயர், மணி நேரம், விலைக்குறிப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "ஏதாவது படிக்கலாமென்று இருக்கிறேன்" என்று வாயால் சொல்வதற்கும் இதற்கும் வெகு தூரம்.

சமையலறை வேலையை விட்டு மின்பணிக்குப் போக வேண்டும் என்பது போலத் தொழிலையே மாற்ற நினைப்பவருக்கு 'ட்ரான்சிசியோன் ப்ரோ' அமைப்பின் வழி உண்டு. சம்பளத்தில் 24 மாதங்கள் வேலை பார்த்திருக்க வேண்டும், அதில் 12 மாதங்கள் இப்போதைய நிறுவனத்தில். ஏற்றுக்கொண்டால் பயிற்சிக் காலம் முழுவதும் சம்பளம் வரும். ஸ்மிக்கின் இரண்டு மடங்கு வரை வாங்குபவருக்கு அது குறையாமல் வரும். ஆறு மாதமோ அதற்கு மேலோ முழுநேரமாக விலகிப் படிக்க 120 நாள் முன்பும், அதற்குக் குறைவென்றால் 60 நாள் முன்பும் முதலாளிக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைப்பதில்லை, குழு ஒன்று அமர்ந்து முடிவு செய்கிறது. காத்திருக்கப் பொறுமை வேண்டும். தீவிலேயே இல்லாத பயிற்சி என்றால் விமானப் பயணத்துக்கு உதவ லாதோம் என்னும் அரசு அமைப்பு இருக்கிறது. வேலையில்லாதவர் முதலில் பிரான்ஸ் த்ரவாய் என்னும் அரசு வேலைவாய்ப்பு அலுவலக ஆலோசகரிடம் போகட்டும். வரிக் கணக்கு அவருக்குப் பெரும்பாலும் பயனில்லை.

அப்படியானால் உண்மைச் செலவுக் கணக்கு யாருக்கு? இரண்டு வகையினருக்கு அது நிஜமாகவே நல்ல வழி.

ஒன்று, தூரத்திலிருந்து காரில் வேலைக்குப் போகிறவர்கள். சேந்த்-ஆந்த்ரேவிலிருந்து சேன்-தெனிக்கு ஒரு வழி 28 கிலோமீட்டர் என்று கொண்டால், ஆண்டில் 210 நாளுக்கு 11,760 கிலோமீட்டர். ஐந்து குதிரைத்திறன் காருக்கு அட்டவணைப்படி 5,593 யூரோ வருகிறது. 24,000 அறிவிப்பவருக்குப் படிப்பே இல்லாமல் 2,400-ஐத் தாண்டியாயிற்று! 'கார் ஜோன்' என்னும் தீவுப் பஸ்ஸில் போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு டிக்கெட் செலவு மட்டும்தான். ஆனால் பயணமே 10 சதவீதத்தைத் தாண்டிவிட்ட ஒருவருக்கு அதற்கு மேல் கட்டும் படிப்புக் கட்டணத்தின் ஒவ்வொரு யூரோவும் முழுதாகக் கழியும். தாண்ட வேண்டிய வரப்பு ஏற்கெனவே பின்னால் போய்விட்டது.

இன்னொன்று, 30 சதவீதப் படியில் இருப்பவர்கள். அதே சேந்த்-ஆந்த்ரே பயணத்தோடு 42,000 யூரோ அறிவிக்கும் ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்வோம், இவரும் தனியாள். 4,500 யூரோவுக்கு ஒரு மேலாண்மைப் படிப்பைத் தன் பணத்தில் படிக்கிறார். 10 சதவீதக் கழிப்போடு இருந்தால் வரி 3,154 யூரோ. பயணத்தை மட்டும் எழுதினால் 2,861. படிப்பையும் சேர்த்தால் 1,894. படிப்பு மட்டுமே அவருக்கு 967 யூரோ மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அமெரிக்க உறவினர் சொன்ன 20 சதவீதம் இவருக்கு இங்கேயே கிடைத்துவிடுகிறது. அந்தப் பராமரிப்பாளருக்குக் கிடைப்பதில்லை. குறைந்த சம்பளக்காரருக்கு உதவாத இந்த அமைப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை. அதனால்தான் அவரிடம் மற்ற கதவுகளை இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் பணம் கட்டும் நாளையும் பார்க்க வேண்டும். எந்த ஆண்டில் கட்டினீர்களோ அந்த ஆண்டுக் கணக்கில்தான் செலவு சேரும். 4,000 யூரோ கட்டணத்தை நவம்பரில் பாதி, பிப்ரவரியில் பாதி என்று கட்டினால் இரண்டு ஆண்டிலும் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இரண்டுமே வீணாகலாம். ஒரே ஆண்டில் கட்டியிருந்தால் தாண்டியிருக்கும். பயணத்தாலேயே எல்லை தாண்டியவருக்கு இந்தக் கவலை இல்லை.

வரி கட்டாதவருக்கு உண்மைச் செலவு பயனில்லை என்று மேலே சொன்னதில் ஒரு விலக்கு உண்டு, முக்கியமான விலக்கு. செலவை எழுதினால் வரி பூஜ்யமாகவே இருந்தாலும், வரி அறிக்கையில் அச்சாகும் 'குறிப்பு வருமானம்' குறைகிறது. கொலேழ், லிசே உதவித்தொகைகளை அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வரம்பின் விளிம்பில் நிற்கும் ஒரு குடும்பத்தில், அம்மா தன் பயிற்சிக்குக் கட்டிய பணம் மகளின் உதவித்தொகையைக் காப்பாற்றக்கூடும். பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரித்துறைத் தளத்திலேயே கணிப்பான் இருக்கிறது. கையெழுத்திடுவதற்கு முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம்.

சொந்தத் தொழில் செய்வோருக்கு மட்டும் ஒரு காலத்தில் நேரடி வரிச் சலுகை இருந்தது. பயிற்சி பெற்ற மணி நேரத்தை ஸ்மிக்கின் மணிக் கூலியால் பெருக்கி, 40 மணி வரை, வரியிலிருந்தே கழித்தார்கள். பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனங்களுக்கு அது இரட்டிப்பு. 2024 டிசம்பர் 31-உடன் அது முடிந்துவிட்டது. இன்னும் அதை நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம். மைக்ரோ எனப்படும் சிறுதொழில் வரி முறையில் இருப்பவருக்குச் செலவைக் கழிக்கும் வழியும் இல்லை, ஏனெனில் மொத்த விற்பனையிலிருந்து ஒரு நிலையான விழுக்காடு தானாகவே கழிந்துவிடுகிறது. அவர்கள் சமூகப் பங்களிப்போடு சேர்த்துப் பயிற்சிக்கென்று ஒரு தொகை கட்டுகிறார்கள். கைவினைஞர், வணிகர், சுதந்திரத் தொழிலர் ஆகியோருக்குத் தனித்தனி நிதியங்கள் அதிலிருந்து பயிற்சிச் செலவைத் தருகின்றன. பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஒரு உறையை இன்றே எடுத்து வையுங்கள். உங்கள் பெயரில் உள்ள கட்டண ரசீது, பணம் போன தேதி தெரியும் வங்கிக் கணக்குத் தாள், பயிற்சிக்கு வந்ததற்கான சான்று, வண்டிப் பதிவுச் சான்றின் நகல், பயிற்சி நாள்களின் பட்டியல். அறிவிக்கும்போது எதையும் அனுப்ப வேண்டாம். கேட்டால் காட்ட வேண்டும். மூன்று ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். முதலாளி பயணச் செலவையோ கட்டணத்தையோ திருப்பிக் கொடுத்திருந்தால், உண்மைச் செலவைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தொகையை வருமானத்தில் சேர்த்தே எழுத வேண்டும்; மறைத்தால் பின்னால் அபராதத்தோடு வரும். 2025-இல் நம் மாவட்டத்துக்கு இணையவழிக் கடைசி நாள் ஜூன் 5 ஆக இருந்தது. அவசரத்தில் தவறான கட்டத்தில் எழுதிவிட்டாலும் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ தளத்திலேயே திருத்தும் வசதியைத் திறக்கிறார்கள், அது டிசம்பர் தொடக்கம் வரை இருக்கும்.